இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு வாங்கும் சாமான்கள்: எது தேறும், எது தேறாது

ஆன்லைனில் 'ஹிப் கிட்' என்று தேடினால் ஐந்தாறு சாமான்களை ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். கீழே கிடப்பதை எடுக்க நீளக் கிடுக்கி, சாக்ஸ் மாட்டிவிடும் பிளாஸ்டிக் வளைவு, நீளமான ஷூ ஹார்ன், உடையை இழுத்துவிடும் கொக்கிக் குச்சி, நீளக் கைப்பிடி வைத்த ஸ்பாஞ்ச், இழுபடும் ஷூ லேஸ். காலையில் எழுந்ததும் பேண்ட், சாக்ஸ், ஷூ மாட்டிக்கொண்டு ஷவரில் நின்று குளிக்கும் ஊருக்காக யோசித்துச் சேர்த்த பெட்டி அது. லுங்கியோ நைட்டியோ கட்டிக்கொண்டு, பக்கெட்டில் மொண்டு குளித்து, வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் அதில் உருப்படியாக உதவுவது கிடுக்கி ஒன்றுதான். பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைக் கழிப்பறையின் உயரத்துக்கும் வாக்கரின் அகலத்துக்கும் ஒதுக்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் ராத்திரியே இடிப்பது அந்த இரண்டும்தான்.

எதை வாங்குவதற்கும் முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: மூட்டைப் பின்பக்கமாகத் திறந்தீர்களா, முன்பக்கமாகவா? பின்பக்கம் என்றால் மூன்று அசைவுகள் ஆகாது. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, அதாவது உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக் கூடாது. ஆபரேஷன் செய்த காலை மற்ற காலின் மேல் குறுக்கே போடக் கூடாது. அந்தப் பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது. முன்பக்கம் என்றால் விதி வேறு: காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் அங்கே ஆபத்து. ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை இந்தக் கட்டுப்பாடு இருக்கும். சில டாக்டர்கள் தளர்த்தியும் விடுவார்கள், உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. இங்கே எழுதியிருப்பது பின்பக்க அறுவையை மனதில் வைத்து.

ஒரு அளவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியை நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப்பில் அளந்து, அதோடு 2 அங்குலம் கூட்டுங்கள். வீட்டுக்குள் செருப்புப் போடுபவர் என்றால் செருப்போடு அளக்க வேண்டும். கட்டில், நாற்காலி, கழிப்பறை எல்லாமே இந்த உயரத்துக்கு வர வேண்டும். ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே அளந்துவிட்டால், சர்ஜிகல்ஸ் கடைக்காரர் 'எல்லாருக்கும் இதுதான் கொடுப்போம்' என்று நீட்டுவதை அப்படியே வாங்கிவர வேண்டியிருக்காது.

முதலில் கழிப்பறை. தரையில் நிற்கும் வெஸ்டர்ன் கோப்பையின் விளிம்பு பெரும்பாலும் 15½ அங்குலத்தையொட்டி இருக்கும். அதன் மேல் பொருத்தி உட்காரும் உயரத்தைக் கூட்டும் ரைசர் 2, 4, 6 அங்குல உயரங்களில் வருகிறது. ஐந்தரை அடி ஆணுக்கு முழங்கால் மடிப்பு 17½ அங்குலம் என்று வைத்துக்கொண்டால் தேவை 19½, ஆக 4 அங்குல ரைசர் சரி. ஐந்தடி அம்மாவுக்கு மடிப்பு 15½ அங்குலம் என்றால் தேவை 17½தான், 2 அங்குலம் போதும். 'உயரமா இருந்தா நல்லதுதானே' என்று அவருக்கு 6 அங்குலம் வாங்கினால் பாதம் தரையைத் தொடாமல் தொங்கும். ஊன்றி எழ முடியாது, முக்கவும் முடியாது. வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும் நாட்களில் இது சின்னப் பிரச்சினை இல்லை.

ரைசர் வாங்கியவர்கள் அதிகம் திருப்பி அனுப்புவது ஆட்டத்தால்தான். பக்கவாட்டில் இருக்கும் கிளாம்ப் கோப்பையின் விளிம்புக்குக் கீழே போய்ப் பிடிக்க வேண்டும். முட்டை வடிவக் கோப்பைக்கு அது பிடிக்கிறது. இப்போது ஃபிளாட்களில் போடும் சதுர முக, D வடிவக் கோப்பைகளில் மூலைகள் துருத்தி நிற்பதால் ரைசர் சமமாக உட்காராது. பக்கங்கள் தரைவரை மூடியிருக்கும் கோப்பைகள் சிலவற்றில் கிளாம்ப் பிடிக்க விளிம்பே கிடையாது. மாட்டியதும் ஒரு பக்க ஓரத்தில் உள்ளங்கையை வைத்து முழு பலத்தோடு அழுத்திப் பாருங்கள். மறுபக்கம் தூக்கினால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். துணியைச் செருகி இறுக்கி ஓட்டுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும், அப்புறம் ஈரத்தில் நழுவும்.

இன்னொரு சிக்கல், விற்பனைப் பக்கத்தில் யாரும் எழுதாதது: தண்ணீர். சீட்டோடு சேர்ந்த தண்ணீர் பீய்ச்சும் அமைப்பு வீட்டில் இருந்தால், கிளாம்ப் ரைசர் போடச் சீட்டைத் தூக்கியே ஆக வேண்டும், அது உபயோகத்தில் இருக்காது. பக்கவாட்டுச் சுவரில் தொங்கும் ஹெல்த் ஃபாசெட் என்றால் உடம்பைப் பின்னால் முறுக்கி எடுக்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. பாதம் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் ஆபரேஷன் செய்த பக்கமாகத் திரும்பும்போது மூட்டுக்குள் நடப்பது, கூடாது என்று சொன்ன அந்த உள்திருப்பம்தான். முன்பக்கம் வெட்டு விட்ட ரைசர் வாங்கினால் தொடைகளை அகட்டி முன்னாலிருந்தே கழுவிக்கொள்ளலாம். ஃபாசெட் கொக்கியையும் கைக்கெட்டும்படி முன்னுக்கு நகர்த்திவிடுங்கள், பிளம்பருக்கு பத்து நிமிட வேலை.

கைப்பிடி இல்லாத ரைசரில் எழும்போது ஊன்ற எதுவும் இருக்காது. கை தானாக வாஷ்பேசினையோ குழாயையோ தேடும். கைப்பிடி வைத்த ரைசர் இருக்கிறதே என்றால், கிளாம்ப் தளர்ந்திருந்தால் ஒரு கையில் அதிகம் அழுத்தும்போது மொத்தமும் அந்தப் பக்கம் சாயும்.

ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு எங்கள் தேர்வு, நான்கு காலும் தரையில் நிற்கும் கமோட் சேர். அடியில் இருக்கும் வாளியை உருவிவிட்டுக் கோப்பைக்கு மேலே அப்படியே நிறுத்தினால் ரைசர், கைப்பிடி இரண்டும் ஒன்றில் முடிகிறது. இந்தியன் டாய்லெட் மட்டுமே இருக்கும் வீட்டில் வேறு வழியும் இல்லை. குத்துக்கால் வைத்து உட்காருவது இந்த மூட்டுக்கு அறவே ஆகாது. ராத்திரி கட்டிலருகே வாளியோடு, காலையில் கோப்பைக்கு மேல், குளிக்கும்போது மூடியைப் போட்டு நாற்காலியாக என்று மூன்று வேலை பார்க்கும். உயரம் மாற்றும் பொத்தான்கள் இருக்கும் மாடல் மட்டும் வாங்குங்கள். நிலையான உயர மாடல் மலிவு, ஆனால் நம் கணக்குக்கு அநேகமாக ஒத்துவராது. பவுடர் கோட்டிங் போட்ட இரும்பில் வெல்டிங் வைத்த இடம் போர் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதுவும் சீட்டுக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில். அலுமினியமோ எவர்சில்வரோ என்றால் கவலையில்லை. விலை இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் வரை ஆகும், வாடகைக்கும் கிடைக்கும்.

வாங்கும் முன் மூன்று இடம் அளக்க வேண்டும். பின்கால்கள் இரண்டையும் இணைக்கும் குறுக்குக் கம்பி தாழ்ந்திருந்தால் கோப்பையில் முட்டி சேர் பின்னால் போகவே போகாது. கோப்பைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே சேரின் கால் போக இடம் வேண்டும். மூன்றாவது, சீட்டுக்கும் கோப்பைக்கும் இடையே விழும் நாலு அங்குல இடைவெளி. அதன் வழியாகத் தெறிப்பது வெளியே வரும். அடிப்பகுதி இல்லாத வாளி ஒன்றைச் சில கம்பெனிகள் சேர்த்துக் கொடுக்கின்றன. கொடுக்காவிட்டால் இன்னொரு வாளி வாங்கி அடியை அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மாட்டலாம்.

நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தெருவோரப் பிளாஸ்டிக் கடைகளில் கிடைக்கிறது. வேண்டாம். ஈர டைல்ஸில் அதன் கால்கள் அகலும், உயரமும் பற்றாது.

அடுத்தது வாக்கர். மடக்கும் அலுமினிய வாக்கர் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்துக்குள் தரமானதே கிடைக்கும், வாடகைக்கு அலைய வேண்டியதில்லை. கையைத் தொங்கவிட்டு நேராக நின்றால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். அப்போது பிடித்து நிற்கையில் முழங்கை லேசாக, 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதைவிட உயர்ந்தால் தோள் தூக்கும், தாழ்ந்தால் ஆள் முன்னால் கவிழ்ந்து நடப்பார். நாலு காலிலும் ஒரே எண்ணிக்கைத் துளையில் பொத்தான் விழுந்திருக்கிறதா என்று விரலால் எண்ணுங்கள். பொத்தான் பாதி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தால் பாரம் ஏறும்போது குழாய் உள்ளே இறங்கிவிடும்.

கடைகளில் 'டூ இன் ஒன்' என்று தருவதைக் கவனித்து வாங்குங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறிமாறி முன்னே போகும்படி அசையும் வாக்கர் அது. ஒரு லாக் போட்டால் நிலையாகும், எடுத்தால் ஆடும். மூட்டு மாற்றிய முதல் வாரங்களுக்கு நிலையான வாக்கர்தான் வேண்டும். லாக்கைத் தவறுதலாக எடுத்துவிட்டால், சாய்ந்து ஊன்றும் அந்த நொடியில் ஒரு பக்கம் முன்னே ஓடும். இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. முன்னால் இரண்டு சக்கரம் வைத்தது, தூக்கி வைக்கத் தெம்பில்லாத வயதானவர்களுக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு அறை வாசலிலும் ஓர் அங்குலக் கருங்கல் வாசப்படி இருக்கும் பழைய வீடுகளில் சக்கரம் முட்டி நிற்கும். அங்கே சாதா வாக்கரே மேல்.

பாத்ரூம் வாசலில்தான் எல்லா வாக்கரும் தோற்கும். கீழே அகன்ற பாகம் பெரும்பாலும் 20 முதல் 22 அங்குலம். கதவின் சட்டம் இரண்டரை அடி என்றாலும் சட்டத்தின் கனம், திறந்து நிற்கும் கதவின் கனம், நீட்டிக்கொண்டிருக்கும் தாழ்ப்பாள் எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் அளக்க வேண்டும். இரண்டடிக் கதவு என்றால் நேராகப் போகாது. இடம் போதாவிட்டால் வாக்கரைப் பக்கவாட்டாகத் திருப்பி, உள்ளே வைத்து, பக்க அடியாகக் காலைத் தள்ளித் தள்ளி வைத்துப் போகலாம். ஒரு கால் மற்றதைத் தாண்டிக் குறுக்கே போகக் கூடாது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுப் பழகிவிட்டு வாருங்கள். வீட்டு வாசலில் முதல்முறை செய்துபார்க்கிற வேலை அல்ல இது. உள்பக்கம் திறக்கும் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு திரைச்சீலை தொங்கவிடுவது இரண்டு மாதத்துக்கு ஆகச் சிறந்த யோசனை, இடமும் கிடைக்கும், உள்ளே விழுந்தாலும் கதவை உடைக்க வேண்டியிருக்காது.

வாக்கரின் அடியிலிருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் போக முடியாது, ஏனென்றால் வாக்கர் வழுக்கியது என்று சொல்லும்போது பெரும்பாலும் வழுக்கியது அதுதான். நல்ல புஷ்ஷுக்குள் ஒரு இரும்பு வாஷர் இருக்கும். அது இல்லாததில் அலுமினியக் குழாயின் ஓரமே ரப்பரை உள்ளிருந்து அறுத்துக்கொண்டு வந்து ஒரு நாள் டைல்ஸைத் தொடும். வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் வரிகள் தேய்ந்து மழுங்கியிருந்தாலும், நடுவில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தாலும் மாற்ற வேண்டும். குழாயின் வெளிவிட்டத்தைச் சொன்னால் கடையில் சில்லறையாகக் கிடைக்கும். வாடகைச் சாமான் எதுவாக இருந்தாலும் புஷ் நாலையும் புதிதாக மாற்றிவிட்டே உபயோகியுங்கள்.

உட்காரவும் எழவும் வாக்கரைப் பிடித்து இழுக்காதீர்கள், அது ஆள் மேலேயே சாயும். காலின் பின்பக்கம் இருக்கையில் படும்வரை பின்னால் வந்து, ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, கையை இருக்கையின் கைப்பிடிக்கு மாற்றி, பிறகு இறங்க வேண்டும். எழும்போது இதையே தலைகீழாக. திரும்பும்போது அந்தக் காலை அச்சாக ஊன்றிச் சுழலாமல் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

பிடித்துக்கொள்ளச் சுவரில் பொருத்தும் கம்பியான கிராப் பார் பற்றிச் சுருக்கமாக. வெற்றிட ரப்பரால் சுவரில் ஒட்டும் வகை வேண்டவே வேண்டாம். டைல்ஸ் இணைப்புக் கோட்டின் மேல் பட்டாலோ, சொரசொரப்பு டைல்ஸ் என்றாலோ காற்று புகுந்து கழன்று வரும், அதுவும் பாரம் விழும்போதுதான் வரும். துளை போட்டு ஆங்கர் வைத்து முடுக்கும் எஸ்.எஸ். 304 (எவர்சில்வரில் ஒரு தரம்) கம்பிதான் நம்பத்தக்கது. கோப்பையின் பக்கச் சுவரில் 33 முதல் 36 அங்குல உயரத்தில் வைப்பது வழக்கம். துளை போடும் முன் டைல்ஸைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னால் பொள்ளலாக ஒலித்தால் இடம் மாற்ற வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்துக்குச் செய்ததல்ல.

குளியலுக்குத் தனியாக ஷவர் சேர் தேவையில்லை, மேலே சொன்ன கமோட் சேரே போதும். பக்கெட்தான் பிரச்சினை. தரையிலிருக்கும் பக்கெட்டில் மொள்ளக் குனியும் ஒவ்வொரு முறையும் 90 டிகிரி தாண்டுகிறது. பக்கெட்டை உறுதியான முக்காலி மேல், உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது. நிரம்பிய பக்கெட் 20 கிலோ, அதை வேறு யாராவது தூக்கி வைக்கட்டும். ஹேண்ட் ஷவர் பொருத்த முடிந்தால் இன்னும் வசதி. காலைத் தேய்க்க, கடையில் முதுகு தேய்க்க விற்கும் நீளக் கைப்பிடி பிரஷ் போதும், கிட்டில் வரும் ஸ்பாஞ்சைவிட அது விறைப்பாகவும் இருக்கும்.

கட்டில் தாழ்ந்திருந்தால் கால்களுக்குக் கீழே செங்கல் வைப்பது நம் வழக்கம். செங்கல் நகரும். ஆசாரியிடம் சொல்லி நாலு மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் கட்டில் கால் அரை அங்குலம் இறங்கி உட்காரக் குழி வைத்துச் செய்து வாங்கினால் நகராது. ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுப்பவர்கள், சாய்மானத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பதைக் கவனிக்க வேண்டும். இடுப்பு மிக எளிதாக எல்லை தாண்டும் இடம் அது. கால்களுக்கு நடுவே வைக்கும் முக்கோணத் தலையணையை ஆஸ்பத்திரியில் கொடுத்தால் கொண்டுவாருங்கள், தனியாக வாங்காதீர்கள். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீளமாகச் சாதாரணத் தலையணை இரண்டை வைத்தாலும் அதே வேலை நடக்கும்.

சோபா, ஈசி சேர் இரண்டையும் மறந்துவிடுங்கள், ஊஞ்சலையும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டு மூன்றை அடுக்கினால் உயரமும் ஏறும், கால்களும் விறைப்பாகும். மேலே போட நாலு அங்குலக் கெட்டி ஃபோம் வெட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் டென்சிட்டி 40 என்று கேளுங்கள். மெத்துமெத்தென்றிருக்கும் ஃபோம் உட்கார்ந்ததும் ஓர் அங்குலமாகச் சப்பிப்போகும், அளந்த அளவெல்லாம் வீண். காரில் போகும்போது முன் சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்மானத்தைச் சற்றுப் படுக்கவைத்து, இதே ஃபோமைப் போட்டு, அதன் மேல் துணிக்கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்றை விரித்தால் உட்கார்ந்தபடியே வழுக்கித் திரும்பலாம். ஓடத் தொடங்கும் முன் கவரை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கில் ஆளும் வழுக்குவார்.

கிட்டுக்கு வருவோம். கிடுக்கியில் 32 அங்குலம் வாங்குங்கள், 26 நின்றபடி தரையை எட்டப் பற்றாது. நுனியில் ரப்பர் இருக்க வேண்டும், காந்தம் இருந்தால் ஊசியும் இரும்புச் சாவியும் எடுக்கலாம். குப்பை பொறுக்க விற்கும் மலிவு வகையின் உள்கம்பி தளர்ந்துவிடும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் பலமும் இருக்காது. உடை மாட்டவும் இதுவே போதும்: ஆபரேஷன் செய்த காலை முதலில் விட வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். லுங்கியும் நைட்டியும் இந்த நாட்களுக்கென்றே தைத்த மாதிரி, ஆனால் கணுக்காலுக்கு நாலு அங்குலம் மேலே நிற்கும்படி மடித்துத் தையுங்கள். வாக்கர் காலுக்கடியில் சிக்கும் நைட்டி விளிம்பைவிடப் பெரிய எதிரி வீட்டுக்குள் இல்லை, மிதியடியைத் தவிர.

சாக்ஸ் மாட்டும் வளைவை, ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் எழுதிக்கொடுக்கும் இறுக்கமான ஸ்டாக்கிங்கிற்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த இறுக்கத்துக்கு அது விரியாது, ஸ்டாக்கிங்கை வீட்டில் ஒருவர்தான் மாட்டிவிட வேண்டும். காலையில் வீக்கம் ஏறும் முன் கணுக்காலையும் கெண்டைச் சதையையும் அளந்து அதற்கேற்ற சைஸ் வாங்குங்கள், மாற்றுக்கு இன்னொரு ஜோடியும். மேல் விளிம்பைச் சுருட்டி விட்டால் அந்த இடமே கயிறு கட்டியதுபோல் இறுகி எதிர்வேலை பார்க்கும். ஸ்டாக்கிங் போட்டிருந்தாலும் கெண்டையில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. திடீர் வலியோடு கால் குட்டையாகி உள்பக்கம் திரும்பிக் கிடந்தால் மூட்டு விலகியிருக்கிறது என்று கொண்டு, எழுப்பி நிறுத்திப் பார்க்காமல், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாக்கரின் முன்கம்பியில் மாட்டும் பை, தட்டு என்றும் விற்கிறார்கள். இரண்டு கையும் வாக்கரில் இருக்கும்போது காபியை எப்படிக் கொண்டுபோவது என்பது நியாயமான கேள்விதான். தட்டில் காபி தளும்பும். மஞ்சப்பை ஒன்றைக் கம்பியின் உள்பக்கமாகக் கட்டி, அதில் மூடியுள்ள பிளாஸ்கும் டிபன் பாக்ஸும் போன், கண்ணாடியும் வைத்தால் போதும். ஒரு கிலோவுக்கு மேல் ஏற்றினால் வாக்கர் முன்னால் இழுக்கும்.

வாக்கரை விட்டு ஸ்டிக்குக்கு மாறச் சொல்வது டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும். நாலு கால் ஸ்டிக் உறுதியாகத் தெரியும், ஆனால் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையில் படாவிட்டால் ஆடும், குறுகிய மாடிப்படியில் அடிப்பாகம் முழுதாக உட்காராது. சமதரைக்குள் மட்டும் நடப்பவருக்கு அது, படியேறுபவருக்கு ஒற்றை ஸ்டிக். எதுவாக இருந்தாலும் ஆபரேஷன் செய்யாத பக்கத்துக் கையில்தான் பிடிக்க வேண்டும். ஆபரேஷன் செய்த கால் ஊன்றும்போது எதிர்க்கை தாங்கினால்தான் இடுப்புத் தசைக்குப் பாரம் குறையும். வலிக்கிற பக்கமே பிடிக்கத்தான் கை போகும், வீட்டிலுள்ளவர்கள் சொல்லித் திருத்த வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஸ்டிக்கும் ஆபரேஷன் செய்த காலும் முதலில். மர ஸ்டிக்கை அளவுக்கு அறுக்கக் கொடுக்கும் முன் புஷ்ஷைக் கழற்றி, அதன் அடிக்கனம் எவ்வளவு என்று பார்த்து, அதையும் கழித்துக்கொண்டு குறியிடுங்கள்.